அங்கவடி அசைந்த கதை

செம்மநத்தத்தில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் நண்பர் வீட்டுக்கு ஒரு மார்கழியில் போயிருந்தேன். ஏற்காடு மலைப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பாதி வழியில் காது அடைத்துக்கொண்டது. எச்சிலை விழுங்கினேன், பட்டென்று திறந்தது. எல்லோருக்கும் இப்படித் திறந்துவிடுவதில்லை என்பது நண்பரின் தமக்கையாரைப் பார்த்தபோது தெரிந்தது.

அந்த அம்மாளுக்குப் பல வருஷமாகக் காது மந்தம். ஆனால் ஒரு விசித்திரம். நிசப்தமான திண்ணையில் நான் பேசியது அவர் காதில் விழவில்லை. காப்பிப் பழத்தைத் தோலுரிக்கும் யந்திரம் கடகடத்த இடத்திலோ, கேட்டதற்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னார்! இரைச்சலில் நாம் குரலை உயர்த்துகிறோம். இரைச்சலோ அவரை அவ்வளவாக உறுத்துவதில்லை. வைத்தியர்கள் நன்கறிந்த அடையாளம் இது.

செவிப்பறைக்குப் பின்னால் மூன்று சிறு எலும்புகள் உண்டு. கடைசி எலும்பு குதிரைச் சேணத்து அங்கவடி போலிருக்கும், நொய்யரிசி அளவுதான். அது உட்காதின் ஜன்னலோடு இறுகிவிட்டால் ஒலி உள்ளே போகாது.

வைத்தியர் ரண சிகிச்சை செய்துகொள்ளச் சொல்லியிருந்தார். "தம்பி, முன்னே செய்துகொண்டவர்களுக்கெல்லாம் காது கேட்டதா?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

நியாயமான கேள்வி. 1870-களிலேயே கெஸ்ஸல் என்ற ஜெர்மானியர் இறுகிய அங்கவடியை அசைத்துப் பார்த்தார். காதில் சீழ் பிடித்தால் மூளை வரை பரவக்கூடிய காலம் அது, தடுக்க மருந்தில்லை. அந்த நூற்றாண்டின் இறுதியில் வியன்னாவின் பொலிட்ஸர் போன்ற பெரியவர்களே இந்தச் சிகிச்சை கூடாதென்றார்கள். அநேகமாக அரை நூற்றாண்டு அந்த எலும்பை யாரும் தொடவில்லை.

1938-இல் நியூயார்க்கின் லெம்பர்ட் வேறு வழி கண்டார். அங்கவடியை விட்டுவிட்டு, உட்காதில் புது ஜன்னல் வெட்டினார். பலருக்குக் கேட்டது; தலைசுற்றலும் வந்தது. குடைந்த காதை ஆயுள் முழுதும் சுத்தம் செய்துகொள்ள வேண்டியிருந்தது.

1952-இல் அதே நகரத்தில் ரோஸன் என்பவர், ஜன்னல் வெட்டுமுன் அங்கவடி இறுகியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். அது சட்டென்று அசைந்தது. காது மட்டும் மரத்துக் கிடந்த நோயாளி, தமக்குக் கேட்கிறதென்று சொன்னார்! ஆனால் அப்படி அசைத்த எலும்புகளில் பல, நாளடைவில் மறுபடியும் இறுகின. 1956-இல் அமெரிக்கரான ஷே, கெட்ட அங்கவடியை எடுத்துவிட்டு, ஜன்னலை நோயாளியின் ரத்தக் குழாய்த் துண்டால் மூடி, டெஃப்லானில் செய்த அங்கவடியை வைத்தார். இன்றைய சிகிச்சை அதன் வாரிசு.

இன்று பெரும்பாலோருக்கு நன்றாகக் கேட்கிறது. ஆயினும் ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு, இருந்த கேள்வியும் அந்தக் காதில் அடியோடு போய்விடுகிறது. அதனால்தான் மோசமான காதை முதலில் தொடுகிறார்கள். ஒரே காதுதான் கேட்குமென்றால் அதில் பெரும்பாலும் கைவைப்பதில்லை. கத்திக்கு அஞ்சுவோருக்குக் காதுக் கருவி இருக்கிறது.

இவ்வளவையும் யந்திரத்தருகே நின்று உரக்கச் சொன்னேன். "நூற்றில் அந்த ஒருத்தி நானானால்?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. சற்று யோசித்து, "சரி, மோசமான காதுதானே" என்றார் அவரே.

சிகிச்சை ஆனதும் மலையேறக் கூடாதென்று சில வாரம் சேலத்தில் மகள் வீட்டில் இருந்தார். மறுபடி நான் போனபோது, திண்ணையில் என் செருப்புச் சத்தம் கேட்டே திரும்பினார்.

"இந்த யந்திரம் இத்தனை சத்தமா போடும்!" என்று குறைப்பட்டுக்கொண்டார். பிறகு காப்பியைக் கொடுத்துவிட்டு, "நாக்கில் ஒரு பக்கம் மட்டும் தகரம் மாதிரி ருசிக்கிறது, தம்பி" என்றார். ருசி நரம்பு நடுக்காது வழியாகத்தான் போகிறது. அது சீண்டப்பட்டால் அப்படி இருக்கும், அநேகமாகச் சில மாதங்களில் சரியாகும் என்றேன்.

இந்த முறை நான் மெல்லத்தான் சொன்னேன். கேட்டுக்கொண்டார்.