திராட்சைப் பந்தலிலிருந்து ஆட்சிக்குழுவுக்கு: பெங்களூரு ஹாப்காம்ஸ் வரலாறு எழுப்பும் ஒரு வினா

பெங்களூரின் சாலையோரங்களில் 'ஹாப்காம்ஸ்' என்ற பெயர்ப்பலகையோடு நிற்கும் சிறிய பழக்கடைகளை அறியாதவர் அந்நகரில் அரிது. அன்றைய விலை எழுதிய பலகை, தரம் பிரித்து அடுக்கிய பழங்கள், பேரம் பேச இடமில்லாத ஒரே விலை ஆகியவற்றைக் கண்டு பலரும் அதை அரசுக் கடை என்றே கருதுகின்றனர். சட்டப்படி அது அரசுக் கடை அன்று. பழமும் காய்கறியும் விளைவிப்போர் உறுப்பினர்களாக இருந்து, தம்முள் சிலரைத் தேர்ந்தெடுத்து ஆட்சிப்பொறுப்பில் அமர்த்தும் கூட்டுறவுச் சங்கம் அது. இந்தப் பிழைபட்ட புரிதலுக்கு ஒரு வரலாறு உண்டு. விளைவிப்பவர் தம் தொழிலுக்கான பொது நிறுவனத்தைத் தாமே காக்க இயலுமா என்ற வினா அவ்வரலாறு நெடுகிலும் தொடர்கிறது.

1959இல் இச்சங்கம் தொடங்கியபோது அதன் பெயரில் இருந்தது திராட்சை மட்டுமே. பெங்களூர் திராட்சை வளர்ப்போர் கூட்டுறவு விற்பனை, பதப்படுத்தும் சங்கம் என்பதாக அது உருவாயிற்று. அதற்கு வழிகாட்டியவர் எம். எச். மரிகவுடா. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பி, லால்பாக் தோட்டத்தின் பொறுப்பை ஏற்றவர். பின்னாளில் மாநிலத் தோட்டக்கலைத் துறையின் இயக்குநராக விளங்கியவர். 1960களில் சங்கம் பிற பழங்களுக்கும் காய்கறிகளுக்கும் விரிந்தது. 1980களில் அதன் எல்லை அண்டை மாவட்டங்களுக்கு நீண்டது. தோட்டக்கலை உற்பத்தியாளர் சங்கம் என்னும் பொருள்தரும் ஆங்கிலப் பெயரின் சுருக்கமே 'ஹாப்காம்ஸ்' என்று நிலைத்தது.

தொடக்கப் பயிராகத் திராட்சை அமைந்ததற்குக் காரணம் உண்டு. திராட்சைக்குப் பந்தல் வேண்டும். கல்தூணும் கம்பியும் வேண்டும். முதல் அறுவடைக்கு முன்னரே பெரும் முதல் முடங்கிவிடும். கொடியில் இருந்து பறித்தபின் அது மேலும் பழுப்பதில்லை. எனவே காயாகப் பறித்து விலை ஏறும்வரை வைத்திருக்கும் வழியும் இல்லை. நகரைச் சுற்றி விளையும் 'பெங்களூர் நீலம்' என்னும் விதையுள்ள வகை, முறையாகக் கவாத்து செய்தால் ஆண்டுக்கு இருமுறை காய்க்கும். அதாவது ஆண்டுக்கு இருமுறை, சில நாள்களுக்குள், கிடைத்த விலைக்கு விற்றாக வேண்டிய நெருக்கடி. முன்பணம் கொடுத்தவரே விலையையும் சொல்லும் சந்தையில் தனி விவசாயிக்கு மறுத்துப் பேசும் வலிமை இல்லை. விற்பனையோடு பதப்படுத்துதலையும் சங்கம் தன் பெயரிலேயே சேர்த்துக்கொண்டதன் பொருள் இதுதான்: விற்காத பழம் சாறாகவேனும் மாற வேண்டும்.

இந்த ஏற்பாட்டிற்கான சட்ட அடித்தளம் அரை நூற்றாண்டுக்கு முன்பே இடப்பட்டிருந்தது. 1904ஆம் ஆண்டின் சட்டம் கடன் சங்கங்களை மட்டுமே ஏற்றது. இன்றைய கர்நாடகத்தின் கதக் மாவட்டத்திலுள்ள கணகினஹாள் என்னும் சிற்றூரில் 1905இல் எழுந்த சங்கம் அச்சட்டத்தின் முதற்கனிகளுள் ஒன்று. 1912ஆம் ஆண்டின் சட்டமே கடன் அல்லாத பிற நோக்கங்களுக்கும், அவற்றுள் விற்பனைக்கும், கதவைத் திறந்தது. மைசூர் மாநிலத்தின் கூட்டுறவுச் சங்கச் சட்டம் 1959இல் இயற்றப்பட்டது. திராட்சைச் சங்கமும் அதே ஆண்டில் பிறந்தது. பங்கு எத்தனை இருப்பினும் உறுப்பினருக்கு ஒரு வாக்கு என்னும் நெறி, 1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் நெசவாளர் முதலானோர் தொடங்கிய கடையின் வழியாக உலகெங்கும் பரவியது. ஒரு காணிப் பந்தலுக்கும் பத்துக் காணிப் பந்தலுக்கும் ஒரே எடை என்பதே அதன் சாரம்.

விளைவிப்போர் ஒன்றுகூடுவது பெங்களூருக்குப் புதிதன்று. தென்னிந்தியத் தோட்ட முதலாளிகளின் ஒன்றியமான உபாசி 1893இல் இந்நகரில்தான் உருவாயிற்று. தேயிலை, காப்பித் தோட்டங்களை உடைய அவர்கள் அரசிடம் ஒரே குரலில் பேசக் கூடினர். இங்கிலாந்தின் கெண்ட் பகுதிப் பழ விவசாயிகளின் முயற்சியால் 1913இல் கிழக்கு மாலிங்கில் ஆய்வு நிலையம் எழுந்தது. முன்னதற்கு நோக்கம் செல்வாக்கு, பின்னதற்கு அறிவு. திராட்சைச் சங்கத்தின் நோக்கம் இவற்றினும் எளியது, ஆனால் கடினமானது: அன்றாட விலை.

இங்குச் சொற்களைச் சற்றே கவனித்தல் தகும். பொது நிறுவனம் ஒன்றைப் பிறர் நலனுக்காகக் காப்பவரைத் தமிழ் 'அறங்காவலர்' என்கிறது. கன்னடம் 'தர்மதர்ஶி' என்கிறது. ஒன்று அறத்தைக் காப்பவர். மற்றொன்று அறத்தைக் காண்பவர். இரு சொற்களும் கோயில் வழக்கோடு நெருங்கியவை. கூட்டுறவுச் சங்கத்தின் ஆட்சிக்குழுவினருக்கோ கன்னடத்தில் 'நிர்தேஶக', தமிழில் 'இயக்குநர்' என்னும் சொற்களே வழங்குகின்றன. இயக்குபவர் வேறு, காப்பவர் வேறு.

இந்த வேறுபாடு சட்டத்திலும் உண்டு. 1882ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைச் சட்டம், பொறுப்பாளர் தம் காவலில் உள்ள சொத்தைத் தம் ஆதாயத்திற்குப் பயன்படுத்தலாகாது என விதிக்கிறது. பயனடைபவரிடமிருந்து விலகி நிற்பதே அங்குத் தகுதி. கூட்டுறவின் நெறி இதற்கு நேர்மாறானது. சங்கத்தைப் பயன்படுத்துபவரே அதை ஆள வேண்டும். பழத்தைச் சங்கத்திற்கு விற்காதவர் குழுவில் அமர்வதே குறையாகும். ஆகவே ஒரே மனிதர் காலையில் தம் பழத்தைச் சங்கத்தின் தராசில் வைக்கிறார்; மாலையில் அச்சங்கத்தின் கணக்கை ஆராய்கிறார். விலை உயர்ந்தால் அவருக்கு நன்மை. அளவுக்கு மீறி உயர்ந்தால் நுகர்வோர் விலக, அவர் காக்க வேண்டிய சங்கத்திற்குக் கேடு.

இம்முரணை நல்லெண்ணத்தால் மட்டும் தீர்க்க இயலாது. நடைமுறைகளே அதைத் தாங்குகின்றன. நகரின் மொத்தச் சந்தை நிலவரத்தை ஒட்டி அன்றாட விலை அமைவதும், எல்லாக் கடைகளிலும் அது ஒன்றாகவே இருப்பதும், விலை பலகையில் வெளிப்படையாக எழுதப்படுவதும் வெறும் வணிக உத்திகள் அல்ல. இயக்குநர் ஒருவர் தம் சரக்குக்குத் தனிச்சலுகை தேடும் வழியை அவை அடைக்கின்றன. ஆண்டுப் பொதுக்கூட்டமும் தணிக்கையும் எஞ்சிய இடைவெளியைக் காக்கின்றன.

மற்றொரு கை அரசினுடையது. தோட்டக்கலைத் துறையின் அதிகாரியின் ஊக்கத்தால் பிறந்த சங்கத்தில் அத்துறையின் நிழல் தொடக்கம் முதலே இருந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட விவசாயிகளோடு அரசு நியமித்தோரும் குழுவில் இடம்பெறலாம். தேவை என்று கருதினால் குழுவைக் கலைத்து நிர்வாகியை அமர்த்தவும் கூட்டுறவுச் சட்டம் இடந்தருகிறது. இந்தியா முழுவதும் இவ்வதிகாரம் தாராளமாகப் பயன்பட்டதன் எதிர்வினையே 97ஆவது அரசியலமைப்புத் திருத்தம். 2012இல் நடைமுறைக்கு வந்த அது, இயக்குநர் எண்ணிக்கையை 21க்குள்ளும் பதவிக்காலத்தை ஐந்தாண்டாகவும் வரையறுத்தது. பெண்களுக்கு இரண்டு இடங்களை ஒதுக்கியது. குழுவைக் கலைத்து வைக்கும் காலத்திற்கு வரம்பிட்டது. பொதுக்கூட்டத்திற்கு வருவதையும் சங்கத்தின் சேவையைக் குறைந்த அளவேனும் பயன்படுத்துவதையும் உறுப்பினருக்கு நிபந்தனையாக்க மாநிலங்களுக்கு வழி வகுத்தது. பயன்படுத்துபவரே ஆள வேண்டும் என்ற பழைய நெறி இவ்வாறு அரசியலமைப்பின் மொழியில் எழுதப்பட்டது. எனினும் மாநிலங்களின் ஒப்புதல் பெறப்படவில்லை என்ற காரணத்தால், அத்திருத்தத்தின் கூட்டுறவுப் பகுதி பல மாநிலச் சங்கங்களுக்கு மட்டுமே பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2021 ஜூலையில் தீர்ப்பளித்தது. ஒரு மாநிலத்திற்குள் இயங்கும் ஹாப்காம்ஸ் போன்ற சங்கங்கள் மீண்டும் முழுமையாக மாநிலச் சட்டத்தின் ஆளுகைக்கே திரும்பின.

கடைத்தெருவில் வாங்குவோர் அதை 'அரசுக் கடை' என்பதும், சட்ட நூலில் அது 'உறுப்பினர் சங்கம்' எனப்படுவதும் ஆகிய இரண்டுக்கும் இடையேதான் இந்த வரலாறு நிகழ்ந்துள்ளது. முன்னதில் சற்றே உண்மை உண்டு என்பதுதான் கவலைக்குரியது. பேரங்காடிகளும் கைபேசிச் செயலிகளும் விவசாயியிடம் நேரடியாகக் கொள்முதல் செய்யும் காலத்தில், சங்கத்திற்குப் பழம் கொண்டுவருவது கட்டாயமன்று. பழம் வேறிடம் சென்றால் உறுப்பினர் பெயரளவில் எஞ்சுவார். பெயரளவு உறுப்பினர் தேர்ந்தெடுக்கும் குழுவும் பெயரளவிலேயே ஆளும். அந்த வெற்றிடத்தை அதிகாரியோ அரசியலோ நிரப்பும்.

அறங்காவலர் விலகி நின்று காக்கிறார். கூட்டுறவு இயக்குநர் உள்ளே நின்று காக்க வேண்டியவர். உள்ளே நிற்பதற்கான ஒரே சான்று, அவர் தோட்டத்துப் பழக்கூடை இன்றும் அச்சங்கத்தின் தராசில் ஏறுகிறதா என்பதே.