அன்றாடத் தகவல் சிக்கல்களும் மாணவர் தொழில்நுட்பத் திட்டங்களும்

கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்கள் தம் படிப்பின் பகுதியாகவோ ஆய்வின் பகுதியாகவோ உருவாக்கும் கருவிகள், மென்பொருள்கள், தகவல் தொடர்பு அமைப்புகள் ஆகியன மாணவர் தொழில்நுட்பத் திட்டங்கள் எனப்படும். இவற்றுள் ஒரு பிரிவு, மக்களின் அன்றாடத் தகவல் தேவையைத் தீர்க்க முயல்வது. வாய்க்காலில் தண்ணீர் என்று வரும், இன்று சந்தையில் என்ன விலை, விண்ணப்பித்த சான்றிதழ் கையெழுத்தாகிவிட்டதா, கண் மருத்துவரைப் பார்க்க நகரத்துக்குப் போகத்தான் வேண்டுமா என்பன போன்ற கேள்விகளே இங்கு அன்றாடத் தகவல் சிக்கல்கள் எனக் குறிக்கப்படுகின்றன. கேள்விகள் சிறியவை. ஆனால் விடை தெரியாததால் ஒரு நாள் கூலியோ ஒரு போக விளைச்சலோ சில சமயம் உயிரோ போகிறது.

தமிழகத்தில் இத்தகைய முயற்சிகளின் வரலாற்றைப் பார்த்தால் ஒரு செய்தி திரும்பத் திரும்பத் தென்படுகிறது. கருவியைச் செய்து முடிப்பது வேலையில் பாதிதான். தகவலை நாள்தோறும் சேகரித்து, சரிபார்த்து, உரியவரிடம் சேர்க்கும் பொறுப்பை உள்ளூரில் ஒருவர் ஏற்ற இடத்தில்தான் திட்டம் நிலைத்திருக்கிறது.

பின்னணி: காவிரி டெல்டாவின் தகவல் தேவை

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களை உள்ளடக்கிய காவிரி டெல்டாவில் வேளாண்மை முழுவதும் காலக்கணக்கை நம்பியது. மேட்டூர் அணை 1934-இல் பயன்பாட்டுக்கு வந்தது. அங்கிருந்து பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. தண்ணீர் கல்லணைக்கு வந்து சேரச் சில நாள்கள் ஆகும். அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பிரிந்து, கிளை ஆறுகளிலும் வாய்க்கால்களிலும் ஓடிக் கடைமடையைத் தொடுவதற்கு மேலும் நாள்கள் பிடிக்கும். எப்போது நாற்று விடுவது, குறுவை போடலாமா, சம்பாவுக்குக் காத்திருப்பதா என்பதெல்லாம் இந்த நாள்களைச் சரியாக அறிவதைப் பொறுத்தது. அறுவடைக்குப் பின்னும் தகவல் தேவை தீர்வதில்லை. நேரடி நெல் கொள்முதல் நிலையம் திறந்திருக்கிறதா, நெல்லின் ஈரப்பதத்துக்கு என்ன வரம்பு, மழை வருமா என்பவை அடுத்த கேள்விகள். விடை தெரியாதவரின் நெல் திறந்த வெளியில் நனையும்.

முன்பு இத்தேவையைத் தண்டோராவும் கடைத்தெருப் பேச்சும் நிறைவேற்றின. பிறகு வானொலி வந்தது. அகில இந்திய வானொலியின் திருச்சி நிலையம் 1939-இல் தொடங்கப்பட்டது. தஞ்சாவூர் மாவட்டம் 1960-இல் தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்தின்கீழ் வந்தது. 1960-களின் நடுவில் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ஏ.டி.டி. 27 என்னும் குறுகிய கால நெல் ரகம் பரப்பப்பட்டபோது, அதன் சாகுபடி முறையைத் திருச்சி வானொலி விளக்கமாக ஒலிபரப்பியது. விவசாயிகள் அந்த ரகத்தை ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தார்கள். வானொலிப் பெட்டி மட்டும் இதைச் சாதிக்கவில்லை. ஆராய்ச்சி நிலையம், வேளாண் துறை ஊழியர், நிகழ்ச்சி தயாரிப்பவர், விதை வழங்குபவர் என ஒரு சங்கிலி அதன் பின்னால் இருந்தது. பின்னாளில் வந்த கணினித் திட்டங்களை மதிப்பிடவும் இதுவே நல்ல அளவுகோல்.

இணையம் வந்த பிறகு நடந்த முன்னோடி முயற்சிகள் பெரும்பாலும் டெல்டாவுக்கு வெளியே, மதுரை, புதுச்சேரி, திண்டுக்கல், தேனி ஆகிய பகுதிகளில் நடந்தன. எனினும் அவை எதிர்கொண்ட சிக்கல்கள் டெல்டாவிலும் உள்ளவையே.

மேலூர்: சான்றிதழும் இணைய மையமும்

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா முதலியோர் அமைத்த ‘டெனெட்’ குழு, 1990-களில் ‘கார்டெக்ட்’ என்னும் கம்பியில்லாத் தொலைபேசித் தொழில்நுட்பத்தை உருவாக்கியது. கழகத்தின் முன்னாள் மாணவர்கள் தொடங்கிய மைடாஸ் நிறுவனம் இதில் முக்கியப் பங்காற்றியது. தாமிரக் கம்பி இழுக்காமலே ஒரு கோபுரத்தைச் சுற்றியுள்ள கிராமங்களுக்குத் தொலைபேசியையும் இணையத்தையும் ஒரே நேரத்தில் தர இதனால் முடிந்தது.

இந்தத் தொழில்நுட்பத்தைக் கொண்டு 2001-இல் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் ‘சாரி’ என்னும் திட்டம் தொடங்கியது. சென்னைக் கழகத்துடன் அமெரிக்காவின் எம்.ஐ.டி., ஹார்வர்டு பல்கலைக்கழகம் ஆகியவையும் இதில் பங்கேற்றன. கிராம இணைய மையங்களில் மின்னஞ்சல், வேளாண் ஆலோசனை, கால்நடை மருத்துவ ஆலோசனை முதலியன கிடைத்தன. சாதி, வருமானச் சான்றிதழ்களுக்கு அங்கிருந்தே விண்ணப்பிக்கவும் முடிந்தது. தாலுகா அலுவலகத்துக்குப் பலமுறை அலைய வேண்டிய செலவும் வேலை இழப்பும் குறைந்தன.

ஆனால் இச்சேவை நீடிக்கவில்லை. ராஜேந்திர குமார், மைக்கேல் பெஸ்ட் ஆகியோர் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதன் காரணத்தை ஆராய்ந்தது. சேவையில் அக்கறை கொண்ட அதிகாரிகள் மாற்றலாகிப் போனதும், பின்வந்தவர்களிடம் அதே ஈடுபாடு தொடராததும் முக்கியக் காரணங்களாகத் தெரிந்தன. கிராமத்திலிருந்து விண்ணப்பம் மின்னஞ்சலில் போய்ச் சேர்ந்தது. மறுமுனையில் அதைத் திறந்து பார்ப்பது யாருடைய கடமை என்பது அலுவலக நடைமுறையில் உறுதியாகவில்லை.

புதுச்சேரி: ஒலிபெருக்கியில் அலையின் உயரம்

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் புதுச்சேரிப் பகுதியில் தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. இது மாணவர் திட்டமன்று. எனினும் பிற்காலத்தில் மாணவர் ஆய்வுகளுக்கு இந்நிறுவனத்தின் கிராம மையங்கள் களமாக அமைந்தன. வில்லியனூர் மையத்திலிருந்து சுற்றுக் கிராமங்களுக்குத் தகவல் அனுப்பப்பட்டது. மையங்களை நடத்தியவர்கள் பெரும்பாலும் உள்ளூர்ப் பெண்களே.

வீராம்பட்டினம் மீனவர் கிராமத்தில் இதன் பயன் தெளிவாகத் தெரிந்தது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வங்காள விரிகுடாவின் அலை உயரம் குறித்த முன்கணிப்பு கிடைத்தது. அது ஆங்கிலத்திலும் வரைபடத்திலும் இருந்தது. தன்னார்வலர்கள் அதை நாள்தோறும் தமிழாக்கி, கடற்கரை ஒலிபெருக்கியில் அறிவித்தனர். கணினியைத் தொடாத மீனவருக்கும் இணையத் தகவல் காதில் விழுந்தது.

2004 டிசம்பர் 26 அன்று நல்லவாடு கிராமத்தில் இந்த ஒலிபெருக்கி உயிர் காத்தது. சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் ஆழிப்பேரலைச் செய்தியைக் கண்டு தொலைபேசியில் எச்சரித்தார். உடனே மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்யப்பட, மக்கள் கடற்கரையை விட்டு வெளியேறினர். எச்சரிக்கை இணையம் வழியாக வரவில்லை. ஆயினும் யாரிடம் சொல்ல வேண்டும், எங்கே அறிவிக்க வேண்டும் என்பது ஊருக்கு முன்பே பழகியிருந்தது.

செம்பட்டி: தமிழ் கேட்கும் கணினி

எழுதப் படிக்கத் தெரியாதவர் கணினியிடம் எப்படி விலை கேட்பார்? அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பேராசிரியர் எரிக் புரூவர் தலைமையில் இயங்கிய ‘டையர்’ என்னும் ஆய்வுக் குழு இக்கேள்வியை எடுத்துக்கொண்டது. மெடலின் பிளாஷே முதலியோர், எம்.எஸ். சுவாமிநாதன் நிறுவனத்தின் துணையுடன் ‘தமிழ் மார்க்கெட்’ என்னும் பேச்சுவழிக் கணினி அமைப்பை உருவாக்கினர். திண்டுக்கல் மாவட்டம் செம்பட்டி மையம் இம்முயற்சியுடன் தொடர்புடையது.

பயிர், விலை, வானிலை குறித்த கேள்விகளுக்கு இது குரலில் விடை தந்தது. எந்தச் சொல்லையும் புரிந்துகொள்ளும் பெரிய அமைப்பை ஆய்வாளர்கள் நாடவில்லை. தேவையான சில சொற்களை மட்டும் கணினிக்குக் கற்பித்தனர். அச்சொற்களை ஊர் மக்களையே பேசவைத்துப் பதிவு செய்தனர். ஒரே சொல்லை ஊருக்கு ஊர் வேறு விதமாக ஒலிப்பதால் இது தேவைப்பட்டது. குறைந்த செலவில், சில சொற்களைக் கொண்டே ஒரு வட்டாரத்துக்குப் பயன்படும் அமைப்பைச் செய்யலாம் என்பதை இம்முயற்சி காட்டியது. வேளாண் செய்தியைத் தருவதற்கு உள்ளூர் வல்லுநர்களின் உழைப்பு தேவை என்பதும் இதில் தெளிவாயிற்று.

இதே போக்கில், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு மாணவர் நீல் படேல் முதலியோர் குஜராத்தில் ‘அவாஜ் ஒட்லோ’ என்னும் தொலைபேசி அமைப்பை உருவாக்கினர். விவசாயி தன் கேள்வியைத் தொலைபேசியில் பதிவு செய்யலாம். மற்றவர் அளித்த விடைகளையும் கேட்கலாம். இதற்குச் சாதாரணத் தொலைபேசியே போதுமானதாக இருந்தது.

தேனி: முறைவைத்துப் பேசிய வைஃபை

டையர் குழு மாணவர்களின் மிக வெற்றிகரமான பணி தேனி மாவட்டத்தில் நடந்தது. அரவிந்த் கண் மருத்துவமனை கிராமங்களில் சிறு பார்வை மையங்களை அமைத்திருந்தது. அங்கே பயிற்சி பெற்ற பணியாளர் உண்டு, மருத்துவர் இல்லை. நோயாளி தேனியிலுள்ள மருத்துவருடன் காணொளியில் பேச வேகமான, மலிவான இணைப்புத் தேவைப்பட்டது.

மாணவர்கள் வீடுகளில் பயன்படும் வைஃபை கருவிகளையே எடுத்து, உயரமான கம்பங்களில் திசை ஆன்டெனாக்களைப் பொருத்திப் பல கிலோமீட்டர் தொலைவுக்கு இணைத்தனர். இதில் ஒரு தொழில்நுட்பத் தடை எழுந்தது. வழக்கமான வைஃபையில் ஒரு தரவுப் பொட்டலத்தைப் பெற்றதும் மறுமுனை ‘கிடைத்தது’ என்று பதில் அனுப்ப வேண்டும். தொலைவு கூடும்போது அந்தப் பதில் தாமதமாக வரும். அனுப்பிய கருவி, பொட்டலம் தொலைந்துவிட்டது என்று எண்ணி மீண்டும் அனுப்பும். இரு முனைகளும் ஒரே நேரத்தில் அனுப்பி மோதிக்கொள்வதும் நிகழும். எனவே மாணவர்கள் மென்பொருளை மாற்றி, இரு முனைகளும் மாறிமாறி அனுப்பும்படி நேரத்தைப் பகுத்தனர். டெல்டா விவசாயிகளுக்குத் தெரிந்த முறைப்பாசனத்துடன் இதை ஒப்பிடலாம். தண்ணீர் குறைவான காலத்தில் ஆறுகளுக்கு முறைவைத்துத் திறப்பது போல, இங்கே காற்றலையை முறைவைத்துப் பகிர்ந்தார்கள். ரபின் பாட்ரா முதலியோர் இந்த முறையை ‘வைல்டுநெட்’ என்ற பெயரில் 2007-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர்.

அடுத்த ஆண்டு இக்குழு வெளியிட்ட கட்டுரை மாணவர்களுக்கு இன்னும் பயனுள்ளது. இத்தகைய கிராம வலையமைப்புகளை இயக்கத்தில் வைத்திருப்பது எப்படி என்பதே அதன் பொருள். சீரற்ற மின்சாரத்தால் கருவிகள் பழுதாயின. முறையாக அணைக்கப்படாததால் நினைவக அட்டைகள் கெட்டன. ஒரு கருவி நின்றால் அதைச் சரிசெய்ய வல்லுநர் தொலைவிலிருந்து வர வேண்டியிருந்தது. எனவே மாணவர்கள் மின்காப்பு அமைப்புகளையும் பழுதறியும் மென்பொருளையும் செய்தனர். மருத்துவமனையின் உள்ளூர்ப் பணியாளருக்குப் பயிற்சியும் தந்தனர். மாணவர்கள் பட்டம் பெற்றுச் சென்றபின் வலையமைப்பைப் பேணும் திறன் மருத்துவமனையிடமே இருந்தது.

அண்மைக் காலம்

2010-க்குப் பின் கைப்பேசி பரவியதால் இணைப்பு பற்றிய தடை பெரிதும் குறைந்தது. மாணவர் திட்டங்களுக்கான அமைப்புகளும் பெருகின. பள்ளிகளில் அடல் புத்தாக்க ஆய்வகங்கள் 2016-இல் அறிவிக்கப்பட்ட திட்டத்தின்கீழ் அமைந்தன. ‘ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான்’ 2017 முதல் நடைபெறுகிறது. தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ திட்டம் 2022 மார்ச் 1 அன்று தொடங்கியது. விலை, வானிலை, மானியம் குறித்த தகவல் தரும் ‘உழவன்’ செயலியை மாநில அரசே 2018-இல் வெளியிட்டது.

2018 ஆகஸ்டில் கேரளப் பெருவெள்ளத்தின்போது மாநிலத் தகவல் தொழில்நுட்ப இயக்கமும், ஐ.இ.இ.இ. அமைப்பின் கேரளப் பிரிவைச் சேர்ந்த தன்னார்வலர்களும் மீட்புக் கோரிக்கைகளைத் திரட்டும் இணையதளத்தை விரைவாக உருவாக்கினர். இவர்களுள் மாணவர் பலர். ஒரே கோரிக்கை பலமுறை பதிவாவதும், மீட்கப்பட்ட பின்னும் பட்டியலில் இருப்பதும் அங்கே சிக்கலாயின. தன்னார்வலர்கள் ஒவ்வொரு எண்ணாகத் தொலைபேசியில் அழைத்துச் சரிபார்க்க வேண்டியிருந்தது.

வரலாறு தரும் பாடம்

இம்முயற்சிகளை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். மேலூரில் இணைப்பு இருந்தது. மறுமுனையில் நிலையான பொறுப்பாளர் இல்லை. வீராம்பட்டினத்தில் சாதாரண ஒலிபெருக்கிதான் இருந்தது. நாள்தோறும் அறிவிப்பவர் இருந்தார். தேனியில் கருவியும் இருந்தது, அதைப் பேணும் ஆளும் இருந்தார்.

டெல்டாவில் இன்று ஒரு மாணவர் தண்ணீர் வரும் நாளைச் சொல்லும் செயலியைச் செய்ய விரும்பினால், மேட்டூர் அணையின் நீர்மட்டம் நாள்தோறும் வெளியாகிறது. ஆனால் வேதாரண்யம், பேராவூரணிப் பகுதிகளில் இருக்கும் கடைமடை விவசாயியின் கேள்வி அணையைப் பற்றியதன்று. தன் வாய்க்காலைப் பற்றியது. அதற்கு விடை, இடையிலுள்ள மதகுகள், தூர்வாரப்படாத பகுதிகள், முறைவைக்கும் அட்டவணை ஆகியவற்றைப் பொறுத்தது. மதகைத் திறக்கும் லஸ்கருக்கும் வாய்க்காலை நாளும் பார்க்கும் விவசாயிக்கும் அது தெரியும். அவர்கள் சொல்வதை அன்றன்றே பதியும் ஏற்பாடு இல்லையேல் செயலி பழைய செய்தியையே காட்டும். தவறான நாளை நம்பி நாற்று விட்டவருக்கு அது செயலியே இல்லாததைவிடக் கேடு.

ஆகவே இத்துறையில் இறங்கும் மாணவர்கள் நிரல் எழுதத் தொடங்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. இந்தத் தகவல் இப்போது யாரிடம் இருக்கிறது? அதை நாள்தோறும் தருவதால் அவருக்கு என்ன பயன்? மாணவர் படிப்பை முடித்துச் சென்றபின் இதை யார் நடத்துவார்? இவற்றுக்கு விடை உள்ள திட்டம் குறுஞ்செய்தியிலோ கோயில் ஒலிபெருக்கியிலோகூட நடக்கும். விடை இல்லாத திட்டம் பரிசு பெற்றாலும் அடுத்த குறுவை வரை தாங்காது.