கஞ்சாத் தடையின் காலம்: திருச்சியிலிருந்து ஒரு மறுப்பு

இந்தியாவில் 1985 வரை கஞ்சா சட்டப்படி கிடைத்துவந்தது. அமெரிக்க நெருக்குதலுக்குப் பணிந்து ராஜீவ் காந்தி அரசு அதைத் தடை செய்தது. ஆகவே தடையை நீக்குவது பழைய மரபுக்குத் திரும்புவதே. கஞ்சாவுக்குச் சட்ட ஏற்பு கேட்போரில் பலர் இந்த வாசிப்பிலிருந்தே தொடங்குகிறார்கள். உத்தரப் பிரதேசத்துக்கோ ராஜஸ்தானுக்கோ இது ஓரளவு பொருந்தலாம். திருச்சி தில்லை நகரில் உட்கார்ந்து இதை ஒப்புக்கொள்ள என்னால் இயலவில்லை. திருச்சி மாவட்டத்தில் கஞ்சா குற்றமானது 1985க்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் முன்பே. அதற்குக் காரணம் மதுவிலக்கு இயக்கம்.

எதிர்த்தரப்பின் வலுவான சான்று 1894ஆம் ஆண்டின் இந்திய சணல் போதைப்பொருள் ஆணைய அறிக்கை. மேக்வொர்த் யங் தலைமையில் ஏழு உறுப்பினர்கள், 1,193 சாட்சிகள், ஏழு தொகுதிகள். அளவோடு உட்கொள்வதால் குறிப்பிடத்தக்க கேடில்லை, முழுத் தடை தேவையுமில்லை உகந்ததுமில்லை, வரியும் கட்டுப்பாடும் போதும் என்பது அதன் முடிவு. அதன் உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த முடிவை ‘இந்தியச் சமூகத்தின் ஏற்பு’ என்று படிப்பது தவறு. ஆணையத்தில் இருந்த இந்தியர் மூவர். அவர்களில் சசி சிகரேஸ்வர ராயும் லாலா நிஹால் சந்தும் பெரும்பான்மையிலிருந்து மாறுபட்டுத் தனிக் குறிப்பு எழுதினார்கள். மேலும், மதராஸ் மாகாணத்தில் கஞ்சா 1886ஆம் ஆண்டின் அப்காரிச் சட்டத்துக்குள் வந்துவிட்ட பொருள். கள்ளையும் சாராயத்தையும் போல அதுவும் அரசுக்கு ஒரு வருவாய் இனம். வருவாய்க் கண்ணோடு வரைந்த ஏற்பாட்டை மரபு என்று அழைக்க எனக்கு மனமில்லை.

அமெரிக்க நெருக்குதல் இருந்திருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 1961ஆம் ஆண்டின் ஐ.நா. ஒற்றை உடன்படிக்கை, மருத்துவம் சாராத கஞ்சாப் பயன்பாட்டை முடித்துவைக்க 25 ஆண்டு அவகாசம் தந்தது. உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது 1964 டிசம்பரில். அதாவது 1989 வரை அவகாசம் இருந்தது. அதற்கு முன்பே, 1985 ஆகஸ்ட் 23இல் அறிமுகமான மத்திய அரசின் தடை மசோதா செப்டம்பர் 16இல் ஒப்புதல் பெற்று நவம்பர் 14இல் அமலுக்கு வந்துவிட்டது. இந்த வேகத்தைப் பார்த்தவர்கள் அதையே தொடக்கமாக எடுத்துக்கொண்டார்கள்.

நான் நிறுத்திப் படிக்க விரும்புவது வேறொரு வாசகம்: ராஜாஜி அமைச்சரவை கொண்டுவந்த மதராஸ் மதுவிலக்குச் சட்டம், 1937ஆம் ஆண்டின் 10ஆம் எண். நாம் அதைக் கள், சாராயத்தோடு மட்டுமே நினைவில் வைத்திருக்கிறோம். அதன் முகப்புரையிலேயே மதுவோடு போதைப்பொருளும் சேர்ந்து நிற்கிறது. மூன்றாம் பிரிவின் விளக்கம் இன்னும் நுட்பமானது: சணல் செடியின் பூக்கும் நுனியோடு இலையையும் சிறு தண்டையும் சேர்த்து, பாங்கு உட்பட எல்லாவற்றையும் போதைப்பொருள் என்கிறது. 1985ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமோ நுனி சேராத இலையையும் விதையையும் கஞ்சா என்ற வரையறைக்கு வெளியே விட்டுவிடுகிறது. உரிமம் பெற்ற பாங்குக் கடை காசியில் இன்றும் நடப்பது இந்த விலக்கினால்தான். ஸ்ரீரங்கத்திலிருந்து காசி யாத்திரை போனவர் அங்கே வெளிப்படையாக வாங்கும் அதே இலை உருண்டை, திருச்சி ஜங்ஷனில் இறங்கும்போது மாநிலச் சட்டத்தின்படி குற்றப்பொருளாகிவிடுகிறது. மத்தியச் சட்டத்தின் 81ஆம் பிரிவு, தன்னைவிடக் கடுமையான மாநிலச் சட்டங்களைக் காப்பாற்றி வைக்கிறது. மத்தியச் சட்டம் இலையைத் தொடவே இல்லை என்பதால் அந்தக் காப்பும் இங்கே தேவையா என்று கேட்கலாம். எப்படிப் பார்த்தாலும் 1937ஆம் ஆண்டின் வாசகம் நிற்கிறது.

திருச்சிக்கு இத்தடை வந்த நாளைத் துல்லியமாகச் சொல்லத் தயங்குகிறேன். சட்டம் 1937 அக்டோபர் 1இல் சேலத்தில் தொடங்கி மாவட்டம் மாவட்டமாகப் பரவியது. போர்க்காலத்தில் ஆளுநர் ஆட்சி அதை நிறுத்திவைத்தது. 1946இல் மீண்டும் தவணை தவணையாக வந்தது. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் காலத்தில், 1948 அக்டோபர் 2இல், மாகாணம் முழுவதும் அதற்குள் அடங்கிவிட்டது. அந்த நாளைக் கடைசி எல்லையாகக் கொள்வதே பாதுகாப்பு. புதுக்கோட்டைப் பகுதிக்குக் கணக்கு வேறு: 1948 மார்ச்சில் சமஸ்தானம் திருச்சி மாவட்டத்தோடு இணையும்வரை மாகாணச் சட்டம் அங்கே தானாகச் செல்லாது. மாவட்டத்துக்கு ஒரே தேதி கேட்பவர்கள் இந்த எல்லைக்கோட்டை மறந்துவிடுகிறார்கள்.

அடுத்த கேள்விக்குச் சான்று மெலிவு. ஆனாலும் வாதிட்டே தீருவேன். 1971இல் மதுவிலக்கு தளர்ந்தது, 1974இல் திரும்பியது, 1981இல் மறுபடி தளர்ந்தது. 1983இல் உருவான டாஸ்மாக் 2003இல் சில்லறை விற்பனையையும் தன் கைக்கு எடுத்தது. மது திரும்பியது, கஞ்சா திரும்பவில்லை. ஒரே சட்டத்தில் ஒன்றாகத் தடைபட்ட இரண்டில் ஒன்றுக்கு மட்டும் ஏன் மறுவாழ்வு? உடல்நலக் கேடு காரணமாக இருக்க முடியாது. அப்படியானால் சாராயம் முதலில் நின்றிருக்கும். மதுவிலக்கால் இழந்த வருவாயை ஈடுகட்ட ராஜாஜி 1939இல் விற்பனை வரியையே கொண்டுவர நேர்ந்தது. கஞ்சாவுக்காக எவரும் புதுவரி தேடியதில்லை. கள்ளுக்குப் பின்னால் பனையேறிகளும் குத்தகைதாரர்களும் வாக்குகளும் இருந்தன. சிலும்பி பிடிப்பவர் என்று ஊர் அடையாளம் கண்டது பரதேசிகளையும் பக்கிரிகளையும். அவர்களுக்காகப் பேசச் சட்டமன்றத்தில் ஆளில்லை. ‘கஞ்சாக்குடிக்கி’ என்ற வசவின் இளக்காரம் இந்த ஆதரவற்ற நிலையிலிருந்தும் வந்தது என்றே கருதுகிறேன்.

இப்போதைய விவாதத்துக்கு இது நேரடியாகப் பொருந்தும். 2020 டிசம்பரில், கஞ்சாவை ஒற்றை உடன்படிக்கையின் மிகக் கடுமையான நான்காம் பட்டியலிலிருந்து நீக்க ஐ.நா. போதைப்பொருள் ஆணையம் 27க்கு 25 என்று வாக்களித்தபோது இந்தியாவும் ஆதரித்தது. 2022இல் கர்நாடக உயர் நீதிமன்றம், பாங்கு மத்தியச் சட்டத்துக்குள் வராது என்று கூறிப் பிணை வழங்கியது. அதே ஆண்டில் தமிழ்நாட்டுக் காவல்துறை ‘கஞ்சா வேட்டை’யின் அடுத்த சுற்றுகளை நடத்திக்கொண்டிருந்தது. சட்ட ஏற்பு கேட்போர் மனு கொடுக்கும் இடம் டெல்லியாகவே இருக்கிறது. நாடாளுமன்றம் நாளையே 1985ஆம் ஆண்டின் சட்டத்தைத் திருத்தினாலும், புனித ஜார்ஜ் கோட்டையில் கூடும் பேரவை 1937ஆம் ஆண்டின் மூன்றாம் பிரிவைத் தொடாதவரை, தில்லை நகரில் பூவும் இலையும் குற்றப்பொருளாகவே இருக்கும்.