பல்பொருள் அங்காடிக் கட்டடங்களை அடுக்ககங்களாக மாற்றுதல்

பல்பொருள் அங்காடிக் கட்டடங்களை அடுக்ககங்களாக மாற்றுதல் என்பது, நகர மையத்தில் உள்ள பழைமையான பெரிய கடைக் கட்டடத்தை இடிக்காமல், அதன் உட்புறத்தைப் பிரித்துத் தனித்தனி உரிமையுள்ள வீடுகளாக அமைப்பதாகும். இது கட்டட மறுபயன்பாட்டின் ஒரு வகை. இவ்வாறு உருவாகும் வீடுகளில் வீட்டின் உட்பகுதி அவரவருக்குச் சொந்தமாகவும், நிலம், படிக்கட்டு, மின்தூக்கி, மொட்டைமாடி முதலியவை அனைவருக்கும் பொதுவாகவும் இருக்கும். இத்தகைய வீடுகள் சிங்கப்பூர்த் தமிழில் கூட்டுரிமை வீடுகள் எனவும், தமிழ்நாட்டில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் அல்லது பிளாட்டுகள் எனவும் வழங்கப்படுகின்றன.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இம்முறை பரவலாக உள்ளது. சென்னையில் அண்ணா சாலையில் (முந்தைய மவுண்ட் ரோடு) இதற்குப் பொருத்தமான பழைய கடைக் கட்டடங்கள் பல இருந்தும், அவை பெரும்பாலும் வேறு வழிகளிலேயே சென்றன. சில எரிந்தன; சில கைமாறின; சில கடைகளாகவே தொடர்கின்றன; ஒன்று நீதிமன்றம் வரை சென்றது.

பின்னணி

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துணி, மருந்து, மளிகை, அறைகலன் எனப் பலவகைப் பொருட்களை ஒரே கூரையின் கீழ் விற்கும் அங்காடிகள் உலகின் பெருநகரங்களில் தோன்றின. இவை தெருவைப் பார்த்த பெரிய முகப்பு, உயரமான கூரை, தூண்களால் மட்டும் தாங்கப்பட்ட அகன்ற கூடம் ஆகியவற்றைக் கொண்டிருந்தன. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாடிக்கையாளர்கள் புறநகர் வணிக வளாகங்களுக்கு நகர்ந்தபோது, நகர மைய அங்காடிகள் மூடப்பட்டன. கட்டடங்கள் உறுதியாக இருந்தன. ஆனால் அவற்றை முழுதாக நிரப்பக்கூடிய வணிகம் இல்லை. இந்நிலையில் அவற்றை வீடுகளாக மாற்றும் எண்ணம் வலுப்பெற்றது.

உலக எடுத்துக்காட்டுகள்

ஈஸ்டர்ன் கொலம்பியா கட்டடம், லாஸ் ஏஞ்சலஸ்

1930இல் திறக்கப்பட்ட இக்கட்டடத்தை வடிவமைத்தவர் கிளாட் பீல்மன். ஈஸ்டர்ன், கொலம்பியா என்னும் இரு விற்பனை நிறுவனங்களுக்காக இது கட்டப்பட்டது. 13 மாடிகளும், நீலப்பச்சை நிறச் சுடுமண் ஓடுகள் பதித்த முகப்பும், மணிக்கூண்டும் உடையது. 2000களின் நடுப்பகுதியில் இது 147 வீடுகளாக மாற்றப்பட்டது. இதற்கு வழிவகுத்தது அந்நகரம் 1999இல் இயற்றிய மறுபயன்பாட்டு விதி ஆகும். பழைய வணிகக் கட்டடத்தை வீடாக மாற்றுவோர் புதிதாக வாகன நிறுத்துமிடம் அமைக்க வேண்டியதில்லை என்பது போன்ற தளர்வுகளை அவ்விதி அளித்தது. கட்டடத்தைக் காப்பாற்றியதில் அழகுணர்ச்சிக்கு உள்ள பங்கைவிட இவ்விதிக்கு உள்ள பங்கு குறைவானதன்று.

ஒயிட்லீஸ், லண்டன்

பேஸ்வாட்டர் பகுதியில் உள்ள ஒயிட்லீஸ் அங்காடியின் கட்டடம் 1911இல் திறக்கப்பட்டது. அங்காடி 1981இல் மூடப்பட்டது. 1989 முதல் 2018 வரை அது வணிக வளாகமாக இயங்கியது. பின்னர் முகப்பு போன்ற சில பகுதிகளை மட்டும் நிறுத்திவைத்து, உட்புறம் வீடுகளும் விடுதியும் கொண்டதாகப் புதிதாகக் கட்டப்பட்டது. இவ்வாறு முகப்பை மட்டும் காப்பது உண்மையான பாதுகாப்பு ஆகுமா என்பது கட்டடக் கலைஞர்களிடையே தொடரும் விவாதம் ஆகும்.

சென்னை

ஸ்பென்சர்

1860களில் சார்லஸ் டுரன்ட், ஜே. டபிள்யூ. ஸ்பென்சர் ஆகியோரால் தொடங்கப்பட்ட ஸ்பென்சர் நிறுவனம், யூஜின் ஓக்‌ஷாட் என்பவரின் கீழ் பெரிதாக வளர்ந்தது. 1890களில் டபிள்யூ. என். போக்சன் வடிவமைத்த இந்தோ-சாரசெனிக் பாணிக் கட்டடம் மவுண்ட் ரோட்டில் எழுந்தது. 1983இல் ஏற்பட்ட தீவிபத்தில் அது அழிந்தது. அவ்விடத்தில் கட்டப்பட்டு 1990களின் தொடக்கத்தில் திறக்கப்பட்டதே ஸ்பென்சர் பிளாசா வணிக வளாகம்.

ஸ்பென்சர் பிளாசாவின் கடைகள் பலருக்குத் தனித்தனியே விற்கப்பட்டன. அதாவது, வீடுகளுக்குரிய அடுக்கக உரிமை முறையே இங்குக் கடைகளுக்குப் பின்பற்றப்பட்டது. உரிமையாளர்கள் பலராக இருக்கும்போது எந்தக் கடை எங்கே இருக்க வேண்டும், பராமரிப்புக்கு எவ்வளவு செலவிட வேண்டும் என்பதில் ஒருமித்த முடிவு எடுப்பது கடினம். ஒரே உரிமையாளரின் கீழ் இயங்கும் புதிய வளாகங்கள் 2000களுக்குப் பின் நகரில் பெருகியபோது, ஸ்பென்சர் பிளாசா தன் முதன்மையை இழந்தது. ஒரு கட்டடத்தைப் பலருக்குப் பிரித்து விற்பது எளிது. பிரித்ததைப் பின்னர் ஒன்றாகப் பேணுவதே கடினம் என்பதற்கு இது எடுத்துக்காட்டாகும்.

வைட்அவே லெயிட்லா

ராபர்ட் லெயிட்லா 1882இல் கல்கத்தாவில் தொடங்கிய இவ்வங்காடிக்குச் சென்னை, மும்பை உள்ளிட்ட பல நகரங்களில் கிளைகள் இருந்தன. அதன் சென்னைக் கட்டடம் பின்னர் சுதேசமித்திரன் நாளிதழின் அலுவலகமாக விக்டரி ஹவுஸ் என்னும் பெயருடன் விளங்கியது. அதன்பின் வி.ஜி.பி. நிறுவனத்தின் கைக்கு வந்து மீண்டும் பொருட்கள் விற்கும் இடமானது. கல்கத்தாவில் உள்ள கட்டடம் மெட்ரோபாலிட்டன் கட்டடம் எனப்படுகிறது. அங்குக் கீழே அங்காடியும், மேல் தளங்களில் அலுவலகங்களும் குடியிருப்பு அறைகளும் இருந்தன. ஆகவே, கடைக்கு மேல் வீடு என்பது இந்திய நகரங்களுக்குப் புதிதன்று.

பாரத் இன்சூரன்ஸ் கட்டடம்

மருந்து வணிகரான டபிள்யூ. இ. ஸ்மித், பொதுப்பணித் துறையைச் சேர்ந்த ஜே. எச். ஸ்டீபன்ஸின் வடிவமைப்பில் 1897இல் கட்டிய கடைக் கட்டடம் இது. கார்டைல் கட்டடம் என்றும் அழைக்கப்பட்டது. ஸ்மித்தின் வணிகம் பின்னர் ஸ்பென்சர் வசமானது. 1934இல் பாரத் இன்சூரன்ஸ் நிறுவனம் இக்கட்டடத்தை வாங்கியது. 1956இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையானபோது இந்திய ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் சொத்தானது.

கட்டடம் பாதுகாப்பற்றது எனக் கருதிய கழகம் 2006இல் அதை இடிக்கத் தொடங்கியது. கலை, பண்பாட்டுப் பாரம்பரியத்திற்கான இந்திய தேசிய அறக்கட்டளை (இன்டாக்) சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகியது, இடிப்பு நிறுத்தப்பட்டது. 2010 ஏப்ரலில் வந்த தீர்ப்பு கட்டடத்தை இடிக்கக்கூடாது என்றதுடன், பாரம்பரியப் பாதுகாப்புக் குழு ஒன்றை அமைக்கவும் வழிசெய்தது. ஆயினும் தீர்ப்புக்குப் பின்னும் பல ஆண்டுகள் கட்டடம் பயன்பாடின்றியே கிடந்தது. இடிப்பதைத் தடுக்க நீதிமன்றத்தால் முடியும். ஆனால் கட்டடத்துக்கு ஒரு பயன்பாட்டையும், பழுதுபார்க்கப் பணத்தையும் தர அதனால் இயலாது.

கடைகளாகவே தொடர்பவை

1844இல் நிறுவப்பட்ட ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடை, 1904இல் கட்டப்பட்ட தன் அண்ணா சாலைக் கட்டடத்திலேயே இயங்கியது. பி. ஆர் அண்டு சன்ஸ் கைக்கடிகாரக் கடையின் 19ஆம் நூற்றாண்டுக் கட்டடமும் அச்சாலையில் உள்ளது. தொடக்கத்தில் எதற்காகக் கட்டப்பட்டதோ அதற்கே தொடர்ந்து பயன்படுவது, பழைய கட்டடத்துக்கு மிகக் குறைந்த சேதத்தை விளைவிக்கும் வழியாகும்.

பொறியியல் கூறுகள்

தாங்குதிறன்: கடையை வீடாக மாற்றுவதில் தளத்தின் தாங்குதிறன் பொதுவாகச் சிக்கல் ஆவதில்லை. இந்தியத் தர நிர்ணயம் 875 (பகுதி 2) குடியிருப்பு அறைகளுக்குச் சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன் பயன்சுமையையும், சில்லறைக் கடைகளுக்கு 4 கிலோநியூட்டன் பயன்சுமையையும் குறிக்கிறது. எனவே கடையாக இருந்த தளம் வீட்டைத் தாங்கும். ஆனால் புதிதாக எழுப்பப்படும் செங்கல் தடுப்புச் சுவர்களின் எடையைத் தனியே கணக்கிட வேண்டும். இதனாலேயே இலேசான தடுப்புகள் விரும்பப்படுகின்றன.

வெளிச்சமும் காற்றும்: அங்காடிக் கூடம் அகலமானது, நடுப்பகுதிக்குச் சன்னல் இல்லை. கடைக்கு இது குறையன்று. வீட்டின் அறைகளுக்கு வெளிச்சமும் காற்றும் தேவை. இதற்கு இரு தீர்வுகள் உள்ளன. ஒன்று, நடுவில் தளங்களை வெட்டி வானம் தெரியும் முற்றம் அமைத்தல். மற்றொன்று, வீடுகளைச் சுற்றுச்சுவரை ஒட்டி வைத்து, நடுப்பகுதியை மின்தூக்கி, நடைகூடம், பொருள் வைப்பறை ஆகியவற்றுக்கு விடுதல். செட்டிநாட்டு வீடுகளின் முற்றத்தை அறிந்தவர்களுக்கு முதல் தீர்வின் பயன் எளிதில் விளங்கும்.

குடிநீரும் கழிவுநீரும்: கடையில் ஒரு மூலையில் கழிப்பறை இருந்தால் போதும். 40 வீடுகள் என்றால் 40 சமையலறைகளும் அதைவிடக் கூடுதலான குளியலறைகளும் வேண்டும். புதுக் கட்டடத்தில் குளியலறைத் தளத்தைத் தாழ்த்திக் குழாய்களை உள்ளே பதிப்பர். பழைய தளத்தைத் தாழ்த்த இயலாது. எனவே குளியலறைத் தரையை உயர்த்தியோ, கீழ்வீட்டின் கூரைக்கடியில் குழாய்களைத் தொங்கவிட்டோ சமாளிக்க வேண்டும். உயரமான கூரை இங்கு உதவுகிறது.

மெட்ராஸ் டெரஸ்: சென்னையின் பழைய கட்டடங்கள் பலவற்றில் தேக்கு உத்திரங்களின் மேல் சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் செங்குத்தாக நிறுத்தி அடுக்கிய தளங்கள் உள்ளன. ஓயாத நீர்க்கசிவு உத்திரத்தின் முனைகளை உளுக்கச் செய்யும். ஆகவே இத்தகைய தளத்தின் மேல் குளியலறை அமைப்பது ஆபத்தானது. சுண்ணாம்புச் சுவர்களுக்குச் சிமெண்ட் பூச்சு பூசுவதும் தவறு. சுவரினுள் உள்ள ஈரம் வெளியேற வழியின்றிப் பூச்சு உரியும், செங்கல்லும் கெடும்.

தீ: ஸ்பென்சர் கட்டடம் மட்டுமன்று, 2017 மே 31 அன்று தியாகராய நகரில் தீப்பிடித்த துணிக்கடைக் கட்டடமும் பின்னர் இடிக்கப்பட்டது. வீடுகளில் மக்கள் இரவில் உறங்குவர் என்பதால், மாற்றப்படும் கட்டடத்துக்குக் குறைந்தது இரண்டு தனித்தனி வெளியேறும் வழிகள், புகை நுழையாத படிக்கட்டு, நீர்த்தெளிப்பான்கள் ஆகியன தேவை. மரப் படிக்கட்டை அழகுக்காக வைத்துக்கொண்டாலும், தப்பிக்கும் வழியாக அதை நம்புதல் கூடாது.

சட்டமும் பொருளாதாரமும்

சென்னையில் அடுக்கக வீடு வாங்குவோர் முதலில் கேட்பது நிலத்தில் தமக்குள்ள பிரிக்கப்படாத பங்கு எவ்வளவு என்பதையே. எடுத்துக்காட்டாக, 4 கிரவுண்டு (9,600 சதுர அடி) நிலத்தில் அதே அளவு மொத்தத் தளப்பரப்புள்ள பழைய கட்டடம் இருப்பதாகக் கொள்வோம். பொதுவழிகளைக் கணக்கில் எடுக்காமல், 1,200 சதுர அடி வீடுகளாகப் பிரித்தால் 8 வீடுகள் கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் 1,200 சதுர அடி நிலப்பங்கு. 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் உயரமில்லாக் கட்டடங்களுக்குத் தளப்பரப்புக் குறியீடாக 2ஐ அனுமதிக்கின்றன. எனவே இடித்துக் கட்டினால் 16 வீடுகள் கிடைக்கும். நிலப்பங்கு 600 சதுர அடியாகக் குறையும்.

வாங்குபவருக்குப் பழைய கட்டடம் இலாபமானது. விற்பவருக்கோ 8 வீடுகளின் இழப்பு. அபிராமபுரம், ஆழ்வார்ப்பேட்டை, மயிலாப்பூர் போன்ற பகுதிகளில் தோட்டத்துடன் கூடிய தனிவீடுகள் பல அடுத்தடுத்து இடிக்கப்பட்டு அடுக்ககங்களாக மாறியதற்கு இக்கணக்கே முதற்காரணம். நில உரிமையாளர் நிலத்தைத் தர, கட்டுநர் தம் செலவில் கட்ட, வீடுகளை இருவரும் பங்கிட்டுக்கொள்ளும் கூட்டு முயற்சி முறை அங்கு வேரூன்றியது. இம்முறையில் பழைய கட்டடத்துக்கு மதிப்பு ஏதும் இல்லை; நிலத்துக்கே மதிப்பு.

இவ்விழப்பை ஈடுகட்டும் வழி, மாற்றத்தக்க வளர்ச்சி உரிமை ஆகும். பழைய கட்டடத்தைக் காப்பவர், தாம் கட்டாமல் விட்ட பரப்பை வேறிடத்தில் கட்டும் உரிமையாக விற்கலாம். மும்பை 1995இல் பாரம்பரியக் கட்டடங்களுக்கான ஒழுங்குவிதிகளை இயற்றி இந்தியாவில் இத்துறையில் முன்னோடியானது. தமிழ்நாட்டில் பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012இல் நிறைவேற்றப்பட்டது.

அடுக்கக உரிமையைப் பொறுத்தவரை, 1994ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாகத் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022 கொண்டுவரப்பட்டு 2024இல் நடைமுறைக்கு வந்தது. உரிமையாளர்களில் மூன்றில் இரு பங்கினர் ஒப்புக்கொண்டால் கட்டடத்தை மறுமேம்பாடு செய்ய இச்சட்டம் இடமளிக்கிறது. இதன் விளைவு கவனிக்கத்தக்கது. ஒரு பாரம்பரியக் கட்டடம் இன்று வீடுகளாக மாற்றப்பட்டாலும், பாரம்பரியப் பட்டியலில் அது இடம்பெறாவிட்டால், பிற்காலத்தில் குடியிருப்போரே வாக்களித்து அதை இடிக்க இயலும்.

ஆதரவும் எதிர்ப்பும்

ஆதரிப்போர் கூறுவன:
- இரவில் ஆளரவமற்றுப் போகும் நகர மையத்தில் மக்கள் மீண்டும் குடியேறுவர்.
- கட்டடத்தில் ஏற்கெனவே உள்ள செங்கல், மரம், இரும்பு வீணாவதில்லை. இடிபாட்டுக் குப்பையும் இல்லை.
- பேருந்து, மெட்ரோ தொடர்வண்டி நிலையங்கள் அருகில் இருப்பதால் வாகனத் தேவை குறையும்.

எதிர்ப்போர் கூறுவன:
- யாரும் உள்ளே நுழையக்கூடியதாக இருந்த கூடம், வாயிற்காவலருடன் கூடிய தனியார் இடமாகிவிடும்.
- செலவு கூடுதலாதலால் வீடுகள் செல்வந்தர்களுக்கு மட்டுமே எட்டும்.
- அண்ணா சாலை போன்ற இடங்களில் இரைச்சலும் வாகன நிறுத்தமும் குடியிருப்புக்கு ஏற்றவையல்ல.

முதல் எதிர்ப்புக்கு ஈடாக, தரைத்தளத்தைக் கடைகளுக்கும் உணவகங்களுக்கும் விட்டு, மேல் தளங்களை மட்டும் வீடுகளாக்கும் முறை பல நகரங்களில் பின்பற்றப்படுகிறது. தெருவில் நடப்போருக்கு அக்கட்டடம் அப்போதும் ஒரு கடையாகவே இருக்கும்.

இவற்றையும் பார்க்கவும்
- அண்ணா சாலை
- ஸ்பென்சர் பிளாசா
- பாரத் இன்சூரன்ஸ் கட்டடம்
- இந்தோ-சாரசெனிக் பாணி
- அபிராமபுரம்