வெள்ளியும் மையும்: மண்ணூர்பேட்டைக் காற்றில் இரு படங்கள்

தாத்தா காலத்து ஸ்டுடியோவின் கறுப்பு வெள்ளைப் படத்தையும் பேத்தியின் இங்க்ஜெட் படத்தையும் அருகருகே வைத்தால், முன்னது உழைக்கும், பின்னது வெளுக்கும் என்றுதான் முதலில் தோன்றும். சென்னை மண்ணூர்பேட்டையின் காற்று அவ்வளவு எளிதாகத் தீர்ப்புச் சொல்வதில்லை.

அந்தக் கறுப்பு வெள்ளைப் படம் ஒரு வெள்ளிப் படம்: அதன் உருவம் ஜெலட்டின் படலத்துக்குள் வெள்ளித் துகள்களாக இருக்கிறது. இங்க்ஜெட் தாள்களிலும் ஒருவகை, ஜெலட்டின் போன்ற ஊறும் படலத்தில்தான் மையை ஏற்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும்போது இரண்டுமே இளகுகின்றன; இரண்டிலுமே பூஞ்சணம் பிடிக்கிறது. நம் பிரேம் கடை வழக்கப்படி கண்ணாடியோடு அழுத்தி அட்டை அடித்திருந்தால், இரண்டுமே கண்ணாடியில் ஒட்டிக்கொள்கின்றன. பிய்த்தெடுத்தால் உருவம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்து ஸ்கேன் செய்துகொள்வதே மேல்.

இதைவிட வியப்பான உறவு ஒன்று உண்டு. காற்றிலுள்ள ஆக்ஸிகரண வாயுக்கள் வெள்ளியை அயனியாக்க, அது ஈரமான படலத்தில் மேல்நோக்கி நகர்ந்து, மறுபடி வெள்ளியாகப் படிகிறது. பழைய படங்களின் கருநிழலில் தெரியும் நீலப் பளபளப்பு அதுதான். இங்க்ஜெட்டின் சாய மையும் ஈரத்தில் நகர்கிறது, ஆனால் பக்கவாட்டில்: கோடுகள் தடிக்கின்றன, சாம்பல் நிறம் வேறு சாயல் கொள்கிறது. அசையாப் படம் என்று நாம் நம்பும் இரண்டுக்குள்ளும் உருவம் மெல்ல இடம்பெயர்ந்துகொண்டிருக்கிறது.

இங்க்ஜெட் தாளின் இன்னொரு வகையான நுண்துளைத் தாள் இந்த ஊறலிலிருந்து பெருமளவு தப்பியது. அச்சானவுடனே உலர்ந்துவிடும் அந்த வசதிக்கு விலை உண்டு: துளை வழியே காற்றும் நுழைகிறது. 2000-ல் வந்த எப்சன் ஸ்டைலஸ் ஃபோட்டோ 870-இன் படங்கள் சில வீடுகளில் விரைவிலேயே செம்மஞ்சளாயின. ஓசோன் நீலச்சாயத்தை முதலில் அழித்ததே காரணம். வாகனப் புகையும் வெயிலும் சேர்ந்தால் தரைமட்ட ஓசோன் உருவாகும். பாடி சந்திப்பும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் பக்கத்திலிருக்க, மண்ணூர்பேட்டைக்குப் புகையிலும் குறைவில்லை, வெயிலிலும் குறைவில்லை. கண்ணாடி இந்த வாயுவைத் தடுக்கும். முன்பு ஒட்டிக்கொண்டு கெடுத்த அதே கண்ணாடி!

வெள்ளத்தில்தான் வெள்ளிப் படமும் இங்க்ஜெட் படமும் பிரிகின்றன. 2015 டிசம்பர் போன்ற வெள்ளத்தில் நனைந்தாலும், டெவலப்பரிலும் கழுவுநீரிலும் கிடந்து உருவான வெள்ளிப் படத்தை, உடனே எடுத்துச் சுத்தமான நீரில் அலசி நிழலில் உலர்த்தினால் பெரும்பாலும் மீட்கலாம். சாய மைப் படமும் நீரில் கரைந்த மையால் பிறந்ததே. ஆனால் மறுபடி நீரில் கிடந்தால் கலங்கிவிடும். கரையாத துகள்களாலான பிக்மென்ட் மை அங்கே வெள்ளியின் பக்கம் சேர்கிறது. ஓசோனுக்கும் எளிதில் மசிவதில்லை. இங்க்ஜெட்டில் என் தேர்வு அதுவே. படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே மவுன்ட் அட்டை வைத்து இடைவெளி விடச் சொல்லிக் கேட்பது மட்டும் இருவகைக்கும் பொது.