ஒரு கைப்பிடிக் கோதுமை

ஒரு தேசத்தார் தங்கள் பணநோட்டில் யாருடைய படத்தை அச்சிடுகிறார்கள் என்று பார்த்தால், அவர்கள் எதைக் கொண்டு வயிறு வளர்த்தார்கள் என்பது பல சமயம் தெரிந்துவிடும். 1966-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியர்கள் பவுன், ஷில்லிங் கணக்கை ஒழித்து டாலருக்கு மாறியபோது, இரண்டு டாலர் நோட்டின் ஒரு பக்கத்தில் ஜான் மக்கார்தர் என்பவரையும் ஒரு செம்மறிக் கடாவையும் போட்டார்கள். மறு பக்கத்தில் தாடி வைத்த ஒரு மனிதர். அருகில் கோதுமைக் கதிர்கள். அவர் பெயர் வில்லியம் பாரர். 1988-ல் அந்த நோட்டுக்குப் பதிலாக நாணயம் வந்தது. ஆட்டுக்காரரும் கோதுமைக்காரரும் ஜனங்களின் சட்டைப் பையிலிருந்து ஒருங்கே விடைபெற்றார்கள்.

பாரரின் படத்தைப் போட்டது நியாயம்தான். ஆனால் அதே பக்கத்தில் இன்னொரு முகமும் இருந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

பாரர் 1845-ல் இங்கிலாந்தின் வடபகுதியில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்துத் தேறி, வைத்தியம் படிக்கத் தொடங்கிய சமயத்தில் க்ஷயரோகம் கண்டது. வெயில் காயும் தேசத்துக்குப் போனால் பிழைக்கலாம் என்பது அந்தக் காலத்து வைத்தியர்களின் யோசனை. 1870-ல் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறினார். ஆட்டுப் பண்ணை வாங்க வைத்திருந்த பணம் சுரங்கப் பங்குகளில் கரைந்துபோயிற்று. பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். பிறகு சர்க்காரில் சர்வேயர் உத்தியோகம். பத்து வருஷத்துக்கு மேல் நியூ சௌத் வேல்ஸின் உள்நாட்டைச் சங்கிலி பிடித்து அளந்தார். வழியெல்லாம் கோதுமை வயல்கள், வயல்களில் துரு.

துரு என்பது பயிரைப் பற்றும் ஒரு பூஞ்சண நோய். இரும்பில் பிடிப்பது போலவே செம்பழுப்பு நிறத் தூள் தண்டிலும் தாளிலும் வெடித்துக் கிளம்பும். வயலுக்குள் நடந்து வந்தால் கால்சட்டை காவி நிறம் ஆகிவிடும். பயிரின் தோலைக் கிழித்து, மணிக்குப் போக வேண்டிய சத்தை அது தின்றுவிடும். மூன்று வாரத்துக்கு முன்பு களஞ்சியம் போதாதே என்று கவலைப்பட்ட குடியானவன், அறுவடையன்று பதரைத் தூற்றிக்கொண்டு நிற்பான். பழைய ரோமாபுரியார் இதை ஒரு தெய்வத்தின் கோபம் என்று எண்ணி, ஆண்டுதோறும் ஏப்ரல் 25-ந் தேதி ஒரு நாயைப் பலி கொடுத்துச் சாந்தி செய்தார்கள். ஆஸ்திரேலியக் குடியானவனுக்கு அந்த ஆறுதல்கூட இல்லை.

1889-ல் துரு கொள்ளைநோய் போல் பரவியது. அப்போது ஆஸ்திரேலியா என்ற ஒரே தேசம் கிடையாது என்பதை வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டும். ஆறு தனித்தனிக் குடியேற்றங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி சர்க்கார், தனிச் சுங்க வரி. தண்டவாளத்தின் அகலத்தில்கூட ஒற்றுமை இல்லை. நியூ சௌத் வேல்ஸுக்கு ஓர் அளவு, விக்டோரியாவுக்கு ஓர் அளவு, குவீன்ஸ்லாந்துக்கு இன்னோர் அளவு. எல்லைக்கு வந்ததும் பிரயாணிகள் மூட்டை முடிச்சோடு இறங்கி வண்டி மாற வேண்டும். காற்றில் வரும் பூஞ்சணம் மட்டும் எந்தச் சுங்கச் சாவடியிலும் இறங்கவில்லை.

வேறு வழியின்றி 1890-ல் குடியேற்றங்களின் பிரதிநிதிகள் மெல்போர்னில் கூடினார்கள். பிறகு சிட்னி, அடிலெய்ட், பிரிஸ்பேன், மறுபடியும் மெல்போர்ன் என்று 1896 வரை ஐந்து மாநாடுகள் நடந்தன. ஆறு குடியேற்றங்களும் ஒரே தேசமாவதற்குள் துரு அவர்களை ஒரே மேஜைக்கு இழுத்து வந்துவிட்டது. மாநாடு என்றால் பேச்சும் விருந்தும்தானே என்று நினைக்கிறவர்களுக்கு நேதன் காப் என்ற அமெரிக்கரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் நியூ சௌத் வேல்ஸ் சர்க்காரில் பயிர்நோய் நிபுணர். 'ரொம்பத் துரு', 'கொஞ்சம் துரு' என்று ஒவ்வொருவரும் மனம்போனபடி எழுதினால் சிட்னிக்காரர் கணக்கும் அடிலெய்ட்காரர் கணக்கும் எப்படிப் பொருந்தும்? காப் ஐந்து இலைகளைப் படமாக வரைந்தார். நூற்றுக்கு 1, 5, 10, 20, 50 என்று துருவின் அளவு ஏறிக்கொண்டே போகும். வயலில் கண்ட இலையை இந்தப் படத்தோடு ஒப்பிட்டு எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டியதுதான். சில திருத்தங்களோடு அந்த அளவுகோல் இன்றும் உலகமெங்கும் கோதுமை ஆராய்ச்சியாளர்களின் கையில் இருக்கிறது. பலர் கூடி ஒரு வேலை செய்ய வேண்டுமானால் முதலில் படி, மரக்கால் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது நம் ஊர் நெல் வியாபாரிக்குத் தெரியாத விஷயமல்ல.

இதற்குள் பாரர் உத்தியோகத்தை விட்டுவிட்டு, மரம்பிட்ஜி நதிக்கரையில் லாம்பிரிக் என்ற இடத்தில் மனைவி நீனாவுடன் குடியேறியிருந்தார். இப்போதைய தலைநகரான கான்பராவுக்கு அருகில் உள்ள இடம் அது. துருவுக்குப் பணியாத கோதுமையை மனிதன் உண்டாக்க முடியும் என்று அவர் பத்திரிகையில் எழுதியபோது கேலி செய்தவர்களே அதிகம். 1889-ல் ஒட்டுச் சேர்க்கும் வேலையைத் தொடங்கினார்.

அது எத்தகைய வேலை என்று பாருங்கள். கோதுமைப் பூ தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொள்ளும் சுபாவம் உடையது. ஒவ்வொரு சிறு பூவிலும் மூன்று மகரந்தப் பைகள் இருக்கும். அவை வெடிப்பதற்கு முன் உமியை மெல்ல விலக்கி மூன்றையும் கிள்ளி எடுத்துவிட்டு, வேறு ஜாதிக் கோதுமையின் மகரந்தத்தைத் தடவ வேண்டும். பிறகு காத்திருக்க வேண்டும். மறு வருஷம் விதைத்தால் எல்லாம் ஒன்றுபோல் வரும்; அதற்கு அடுத்த வருஷம் ஒன்றைப்போல் ஒன்று இராது. அந்தக் குழப்பத்திலிருந்து நல்லதைப் பொறுக்க வேண்டும். ஏன் அப்படி ஆகிறது என்பதை மெண்டல் என்ற பாதிரியார் 1866-லேயே அச்சிட்டு வைத்திருந்தார். உலகம் அதைத் தூசி தட்டிப் படித்தது 1900-ல்தான். பாரர் அந்த வெளிச்சம் இல்லாமலே நடந்தார். பிரான்ஸில் வில்மோரினுக்கும் அமெரிக்காவில் பிளௌண்ட் என்பவருக்கும் கடிதம் எழுதி யோசனை கலந்தார். கனடாவிலிருந்து நல்ல மாவு தரும் கோதுமை, இந்தியாவிலிருந்து குறைந்த நாளில் முதிரும் கோதுமை என்று பல நாட்டு விதைகள் லாம்பிரிக்கின் பாத்திகளில் ஒன்று சேர்ந்தன.

ஆனால் ஒரு பெரிய சங்கடம் இருந்தது. நோய்க்குத் தப்பினாலும் விளைச்சல் கொடுத்தாலும், கோதுமை கடைசியில் ரொட்டியாக வேண்டும். மாவு நல்ல மாவா என்பது ஆலையில் அரைத்துப் பிசைந்து சுட்டுப் பார்த்தால்தான் தெரியும். ஆலைக்கோ மூட்டை மூட்டையாகத் தானியம் வேண்டும். புது ஒட்டில் கிடைப்பதோ ஒரு கைப்பிடி. அதைப் பல வருஷம் விதைத்துப் பெருக்கி ஆலைக்கு அனுப்பி, "இது உதவாது" என்று பதில் வந்தால் அத்தனை வருஷமும் வீண். ஆயுள் கொஞ்சம், உடம்பும் நோஞ்சான். பாரருக்கு அப்படி எத்தனை முறை தோற்க அவகாசம் இருந்திருக்கும்?

இந்த இடத்தில்தான் நான் சொன்ன இரண்டாவது முகம் வருகிறது. பிரெடரிக் பிக்கல் கத்ரி, மாரிஷஸ் தீவில் பிறந்தவர். 1892-ல் நியூ சௌத் வேல்ஸ் விவசாய இலாகாவில் ரசாயன நிபுணராகச் சேர்ந்தார். பாரரின் சங்கடத்தைக் கேட்டவர் ஒரு விளையாட்டுச் சாமான் போன்ற சிறு மாவு ஆலையை அமைத்தார். கைப்பிடிக் கோதுமையை அரைத்து மாவு எவ்வளவு தேறுகிறது, நிறம் என்ன, பசைச்சத்து எவ்வளவு, எத்தனை தண்ணீர் குடிக்கிறது என்று அளந்துவிடலாம். தண்ணீர் அதிகம் குடிக்கும் மாவுக்கு வலு அதிகம். ரொட்டி நன்றாக எழும்பும். பாரர் லாம்பிரிக்கிலிருந்து பொட்டலம் அனுப்புவார். ஏறக்குறைய 200 மைலுக்கு அப்பால் சிட்னியில் கத்ரி அரைத்துப் பார்த்து முடிவை எழுதுவார். எது தேறும், எது தேறாது என்பது விதையைப் பெருக்குவதற்கு முன்பே தெரிந்துவிடும். ஒரு தாவரக்காரரும் ஒரு ரசாயனக்காரரும் இப்படிச் சேர்ந்து கோதுமையை உருவாக்கியது அந்தக் காலத்தில் அபூர்வம். கதிர் பார்ப்பதற்கு அழகு, ஆகவே நோட்டில் அச்சிடுகிறார்கள். சோதனைச் சாலையின் மாவு ஆலையை யார் அச்சிடப் போகிறார்கள்!

1898-ல் சர்க்கார் பாரருக்கு வருஷம் 350 பவுன் சம்பளத்தில் உத்தியோகம் கொடுத்தது. 1901-ல் ஆறு குடியேற்றங்களும் ஒன்றாகி ஆஸ்திரேலியக் கூட்டரசு பிறந்தது; அந்தச் சமயத்தில் வெளிவந்த தம் கோதுமைக்கு பாரர் 'பெடரேஷன்' என்றே பெயரிட்டார். அதன் வம்சாவளியைப் பார்த்தால் நமக்கும் ஒரு பாத்தியதை உண்டு. அதன் தாய் தந்தையரில் ஒன்று யாண்டில்லா. யாண்டில்லாவைப் பெற்றவை ஒரு கனடாக் கோதுமையும் 'இட்டாவா' என்ற இந்தியக் கோதுமையும். பிற்காலத்தில் காங்கிரஸ் மகாசபையைத் தோற்றுவித்த ஹ்யூம் துரை 1857 கலகத்தின்போது அதிகாரியாக இருந்தாரே, அந்த இட்டாவாவின் பெயர்தான்!

பெடரேஷன் கதிர் பழுப்பு நிறம்; கண்ணுக்கு லட்சணம் என்று சொல்ல முடியாது. ஆனால் தாள் குட்டை, சாயாமல் நிற்கும், அறுவடை இயந்திரத்துக்கு வெகு தோது. கண்ட குடியானவர்கள் விடவில்லை. 1910 முதல் பதினைந்து வருஷ காலம் ஆஸ்திரேலியாவில் அதுதான் முதன்மையான கோதுமை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. துருவை வெல்லப் புறப்பட்டவரின் புகழ்பெற்ற கோதுமை, துருவை எதிர்த்து நின்றதல்ல; துரு முற்றுவதற்குள் தான் முற்றித் தப்பித்துக்கொண்டது. கத்ரியின் ஆலை மெச்சிய மாவும் அதனுடையதல்ல. அந்தப் பெருமை 'கம்பேக்' போன்ற வேறு பாரர் கோதுமைகளுக்குச் சேரும். சந்தையில் சராசரித் தரம் என்று ஒரே விலைதான் கொடுத்தார்கள். நல்ல மாவுக்கு ஒரு பென்ஸ்கூட அதிகம் இல்லை என்றால் குடியானவன் மூட்டைக் கணக்கைத்தான் பார்ப்பான். மிருதுவான கோதுமைக்குப் பழகிய ஆலைக்காரர்கள் வலுவுள்ள கோதுமையைக் கண்டு முகம் சுளித்தார்கள். தாவரக்காரர், ரசாயனக்காரர், நோய் நிபுணர் எல்லோரும் கூடின கூட்டத்தில் வியாபாரி மட்டும் சேரவில்லை. அதற்கு பாரரைக் குறை சொல்வது எனக்குச் சம்மதமில்லை.

1906 ஏப்ரலில், 61-ஆம் வயதில் அவர் இறந்தார். லாம்பிரிக்கிலேயே அடக்கம் செய்தார்கள். கத்ரி 1927 வரை இருந்தார்.

துரு இறக்கவில்லை. முதல் உலக யுத்தத்திலிருந்து திரும்பிய வாட்டர்ஹவுஸ் என்பவர் 1921 முதல் சிட்னி சர்வகலாசாலையில் வருஷா வருஷம் துருவின் வகைகளைக் கணக்கெடுக்கத் தொடங்கினார். 1938-ல் துரு பிடிக்காத 'யுரீகா' வெளிவந்தது. குடியானவர்கள் கொண்டாடினார்கள். 1942-க்குள் அதையும் தின்னக் கற்ற புது வகைத் துரு தோன்றிவிட்டது. ஒரு பூட்டுக்கு ஒரு கள்ளச் சாவி போதும். ஆகையால் ஒரே கோதுமைக்கு இரண்டு மூன்று பூட்டாகப் போடுங்கள் என்று 1952-ல் வாட்ஸன், சிங் என்ற இருவர் எழுதினார்கள். அந்த யோசனை எல்லா வயல்களுக்கும் போய்ச் சேரவில்லை. 1973-ல் தென்கிழக்கு ஆஸ்திரேலியாவில் மறுபடியும் தண்டுத் துரு பரவியது. அன்றைய மதிப்பில் 20 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். அதன் பிறகுதான் தேசம் முழுவதற்குமாக ஒரே துருத் தடுப்புத் திட்டம் ஏற்பட்டது. 1990 முதல், விற்கிற தானியத்தின் மதிப்பில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கைக் குடியானவர்களே ஆராய்ச்சிக்குக் கொடுக்கிறார்கள். சர்க்காரும் தன் பங்கைச் சேர்க்கிறது.

கணக்கெடுப்பு நூறு வருஷத்தைத் தாண்டிவிட்டது. சிட்னிக்கு அருகே காபிட்டி என்ற இடத்தில் உள்ள ஆராய்ச்சி நிலையத்துக்குக் குடியானவர்கள் தங்கள் வயலில் கண்ட துருப் பிடித்த இலையைத் தபாலில் அனுப்புகிறார்கள். எந்த வகைத் துரு என்று சோதித்துப் பதில் வருகிறது. இலையைக் காகித உறையில் வைத்து அனுப்பச் சொல்கிறார்கள். பிளாஸ்டிக் பையில் வைத்தால் வியர்த்து அழுகிப்போகும்.