இரு விகிதசமங்களுக்கான கருதுகோள் சோதனை

புள்ளியியலில், இரு விகிதசமங்களுக்கான கருதுகோள் சோதனை என்பது, இரண்டு கூறுகளில் காணப்படும் விகிதசமங்களின் வேறுபாடு தற்செயலாக ஏற்பட்டிருக்கக் கூடியதா என ஆராயும் முறையாகும்.

செயல்முறை

இரு முழுமைத்தொகுதிகளின் விகிதசமங்களும் சமம் என்பது இல் எனும் கருதுகோள் ஆகும். இரு கூறுகளையும் ஒன்றுசேர்த்துப் பெறும் பொது விகிதசமத்தைக் கொண்டு, வேறுபாட்டின் திட்டப்பிழை கணக்கிடப்படுகிறது. வேறுபாட்டைத் திட்டப்பிழையால் வகுக்க இசட் மதிப்பு கிடைக்கும். கூறுகள் பெரியவையாக இருந்து, இம்மதிப்பின் எண்ணளவு 1.96-ஐ விட மிகுந்தால், இருமுனைச் சோதனையில் 5% சிறப்புகாண் நிலையில் அக்கருதுகோள் நிராகரிக்கப்படும்.

எடுத்துக்காட்டு

1954 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவில் யோனாசு சால்க்கின் இளம்பிள்ளைவாதத் தடுப்பூசி பள்ளிச் சிறுவர்களிடம் சோதிக்கப்பட்டது. அதன் ஒரு பகுதியில், எவருக்குத் தடுப்பூசி, எவருக்கு மருந்தற்ற ஊசி என்பது சமவாய்ப்பு முறையில் முடிவு செய்யப்பட்டது.

* தடுப்பூசி பெற்றோர் 2,00,745, நோயுற்றோர் 57
* மருந்தற்ற ஊசி பெற்றோர் 2,01,229, நோயுற்றோர் 142

அதாவது, இலட்சத்திற்கு முறையே 28, 71 பேர் நோயுற்றனர். பொது விகிதசமம் 0.000495, திட்டப்பிழை 0.00007; இசட் மதிப்பு ஏறத்தாழ 6. எனவே இவ்வேறுபாட்டைத் தற்செயல் எனக் கொள்ள இயலாது. நோய் மிக அரிதாகவே தாக்கியதால், சில ஆயிரம் சிறுவர்களை மட்டும் கொண்டு சோதித்திருந்தால் இம்முடிவை எட்டியிருக்க முடியாது.

சராசரிகளின் ஒப்பீடு

உயரம், விளைச்சல் போன்ற அளவைகளில் சராசரிகள் ஒப்பிடப்படுகின்றன. சிறு கூறுகளுக்கு டி-சோதனை பயன்படுகிறது. டப்ளின் கின்னசு மதுவடிப்பாலையில் பணியாற்றிய வில்லியம் கொசெட், 1908 இல் "ஸ்டூடன்ட்" என்னும் புனைபெயரில் இதன் அடிப்படையை வெளியிட்டார்.

வரம்புகள்

கருதுகோள் நிராகரிக்கப்படாமை, வேறுபாடு இல்லை என்பதற்குச் சான்றாகாது. கூறு சிறிதாக இருந்ததும் காரணமாகலாம். நிராகரிக்கப்பட்டாலும் வேறுபாடு பெரியது எனப் பொருளில்லை.